கொய்யா மரத்தில் தொங்கிய குறுந்தகடு



இந்தப் பதிவு நீளமாக இருக்கும். வகுப்பில் பின்வரிசையில் தூங்கியவர்கள் இதையாவது முழுக்கப் படியுங்கள். உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பாவோ, அம்மாவோ, பெரியம்மாவோ இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்து நான்கு வருடம் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவன். அக்காவுக்கு நடந்ததைப் பார்த்து, டாக்டர்களிடம் கேட்டு, படித்து, எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். மருந்து மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

என் அக்காவைப் பலருக்கும் தெரியும். பள்ளி ஆண்டு விழாவுக்கு வீட்டிலிருந்து முந்திரிப்பருப்பு வறுத்துக் கொடுத்தனுப்புவார். அவருக்கு 2021ல் இதய வால்வு மாற்றினார்கள். நெஞ்சைத் திறக்கவில்லை. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைத்தார்கள். டாவி என்று அதற்குப் பெயர். சென்னையில் செய்தது. முந்திரித் தோப்பில் ஒரு பகுதியை விற்றுத்தான் பணம் கட்டினோம். நான்காம் நாள் அக்கா எழுந்து நடந்தார். அதற்கு முன் பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும், இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். அதையெல்லாம் பார்த்த எனக்கு அது அதிசயமாகத்தான் இருந்தது.

அந்த அதிசயத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு வருகிற ஒரு கேள்வியை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் விடியற்காலை அக்காவுக்கு நெஞ்சு அழுத்துகிற மாதிரி இருந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோ செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். சரி என்றோம். அந்தப் பெரிய டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஐயா, இவங்களுக்கு வெச்சிருக்கிற வால்வு எந்த வகை? என்ன அளவு? வெக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ஆஞ்சியோ, ஸ்கேன் படம் எல்லாம் இருக்கா?"

என் கையில் இருந்தது மாத்திரைச் சீட்டு மட்டும். வால்வு அட்டை சென்னையில் அக்கா மகன் வீட்டு பீரோவில். படங்கள் இருந்த குறுந்தகடு எங்கே என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க வியர்த்துவிட்டது. அது எங்கள் கொல்லைக் கொய்யா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கிளி வராமலிருக்கப் பழைய தகடுகளை நூலில் கட்டித் தொங்கவிடுவோமே, அப்படி. கட்டியது வேறு யாருமில்லை, நான்தான். வால்வு நன்றாக வேலை செய்கிறது, இனி இந்தத் தகடு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

(ஸ்கேனும் சி.டி., தகடும் சி.டி. என்பதால் எங்கள் வீட்டில் இன்றும் குழப்பம்தான். இந்தப் பதிவில் தகட்டைக் குறுந்தகடு என்றே எழுதுகிறேன்.)

இப்போது கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கம் விடவில்லை.

இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 72 × 60 × 24 = 1,03,680 முறை. அத்தனை முறையும் இதயத்தின் வாசலில் இருக்கும் அயோர்டிக் வால்வு திறந்து மூட வேண்டும். வயதாக ஆக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப்போகிறது. மூன்று, நான்கு சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாசல் ஒன்றுக்கும் கீழே சுருங்கினால் அதைக் கடுமையான சுருக்கம் என்கிறார்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம் மூன்றும் அதன் அடையாளம்.

அந்த வாசலைத் தாண்டியதும், ஒட்டி மேலேயே, இடமும் வலமுமாக இரண்டு சின்ன வாய்கள் இருக்கின்றன. கரோனரி குழாய்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது, ஆனால் தனக்கு வேண்டியதை முதல் கிளையிலேயே எடுத்துக்கொள்கிறது. அதில் அடைப்பு வந்தால்தான் மாரடைப்பு.

மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளத்தை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பெரிய வாய்க்காலில் ஒரு மடை. மடையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாத்திக்குப் போகும் சிறு வாய்கள். மடைப் பலகை கெட்டுவிட்டது. பழைய பலகையைப் பிடுங்கி எறியாமல், அதை ஓரமாக நெருக்கித் தள்ளிவிட்டு, நடுவில் கம்பிக்கூண்டு ஒன்றை இறக்கி, அதற்குள் புதுப் பலகை வைக்கிறோம். தண்ணீர் பிரமாதமாகப் போகிறது. இப்போது பக்கத்து வாயில் சேறு அடைத்துக்கொண்டால்? கோலை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வாய்க்கு முன்னால் கூண்டின் கம்பி நிற்கிறது. கம்பிக் கண்ணுக்குள் கோலை நுழைத்து, அந்தப் பக்கம் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். கூண்டு குட்டையாக இருந்தால் கவலை குறைவு, மேலே தாண்டிப் போய்விடலாம். உயரமாக இருந்தால் கம்பிக்குள்தான் போயாக வேண்டும்.

டாவி வால்வுகளிலும் பொதுவாக இப்படி இரண்டு ஜாதி உண்டு. பலூனை ஊதி விரிப்பது ஒன்று. அதன் கூண்டு குட்டை, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். அமெரிக்காவின் சேப்பியன் அந்த வகை. குஜராத் வாபியில் தயாராகி 2018ல் நம் நாட்டில் அனுமதி பெற்ற மைவால் என்ற வால்வும் அந்த வகைதான். இன்னொன்று தானாகவே விரிவது. நிட்டினால் என்ற உலோகத்தில் செய்தது, உடல் சூட்டில் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். எவால்யூட் அந்த வகை. அதன் கூண்டு சுமார் நாலரை சென்டிமீட்டர் உயரம், கரோனரி வாய்களைத் தாண்டி மேலே நிற்கும். அக்காவுக்கு வைத்தது உயரமான வகை. எக்ஸ்ரே திரையில் பார்த்ததுமே டாக்டர் சொல்லிவிட்டார். திரையில் தெரியாதது, முன்பு அந்தக் குழாய்கள் எப்படி இருந்தன என்பதுதான்.

மணிக்கட்டு வழியாகக் குழலை விட்டார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடது பக்கம் ஒருவழியாகக் கிடைத்தது. வலது வாய்க்குள் நுழையவே முடியவில்லை. அக்காவுக்குக் கிரியாட்டினின் ஏற்கெனவே கொஞ்சம் கூடுதல், செலுத்தும் சாய மருந்து கூடினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த டாக்டரிடம் குறை காண எனக்கு மனமில்லை. இத்தாலியில் இதையே ஆராய்ந்து 2020ல் வெளியிட்டிருக்கிறார்கள். டாவி முடிந்த கையோடு அந்தச் சிறு வாய்களுக்குள் மறுபடி குழலை நுழைக்க முடிகிறதா என்று 300 பேரிடம் பார்த்தார்கள். 23 பேரிடம் முடியவில்லை. அந்த 23ல் 22 பேருக்கு வைத்திருந்தது உயரமான வகை. நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தானே என்று தோன்றும். அந்த ஏழெட்டில் நம் வீட்டு ஆள் இருந்தால் கணக்கு வேறு.

அப்படியென்றால் சென்னை டாக்டர் தப்பான வால்வை வைத்துவிட்டாரா? நானும் முதலில் கோபமாக அப்படித்தான் நினைத்தேன். அக்கா மகனிடம் போனில் கத்தவும் செய்தேன். "மாமா, நீங்க தானே எல்லா பேப்பர்லயும் பக்கத்துல இருந்தீங்க" என்று அவன் ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டான். பிறகு படித்துப் பார்த்தால், உயரமான வகையைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருந்திருக்கிறது. நம் பெண்கள் பலரைப் போல அக்காவும் சின்ன உருவம், வால்வு உட்காரும் வளையமும் சின்னது. சின்ன வளையத்தில் இந்த இரண்டு வகைகளையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2024ல் வந்தது. 716 பேர், பெரும்பாலும் பெண்கள். ஒரு வருடத்தில் வால்வின் செயல்பாட்டில் குறை தெரிந்தது உயரமான வகையில் 9.4 சதவீதம், குட்டை வகையில் 41.6 சதவீதம். ரத்தம் தாராளமாகப் போவதற்கு அக்காவுக்கு அதுதான் பொருத்தம். ஆக, ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு இடைஞ்சல். இரண்டையும் தராசில் வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். என் வருத்தமெல்லாம், தராசின் இரண்டாவது தட்டு இருக்கிறது என்றே எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதுதான்.

பாண்டிச்சேரிக்குத் திரும்புகிறேன். ஒரு வாரம் கழித்து, கிரியாட்டினின் இறங்கியதும், குழல் விடாமல் சி.டி. ஸ்கேனிலேயே குழாய்களைப் பார்க்கலாம் என்றார்கள். ஸ்கேன் அறை வாசலில் நீலச் சட்டை போட்ட ஒருவர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். "சார், ஏழாம் வகுப்பு, தெர்மாமீட்டரை உடைச்சவன்" என்றார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அன்று அவனுக்கு நான் கொடுத்த அடியை நினைத்து எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது. அவன்தான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். "பெரியம்மா, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் அசையாம பிடிக்கணும். உடம்பு சூடாகிற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க."

இந்த ஸ்கேனில் சிரமம் என்னவென்று அவன் எனக்கு விளக்கினான். ஆசிரியருக்கு மாணவன் பாடம் நடத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. இதயம் ஓயாமல் ஆடுகிற பொருள், படம் எடுக்க வேண்டுமென்றால் துடிப்பு நிதானமாக இருக்க வேண்டும். அறுபதை ஒட்டி இருந்தால் நல்லது, அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். அடுத்தது உலோகம். வால்வுக் கூண்டின் கம்பி படத்தில் தன் உண்மையான பருமனைவிடத் தடித்துத் தெரியும், சுற்றிலும் இருப்பதை மறைக்கும். வயதானவர்களின் குழாயில் படிந்த சுண்ணாம்பும் அப்படியே. எனவே குழாய் சுத்தமாக இருக்கிறது என்று ஸ்கேன் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். அடைப்பு இருக்கிறது என்று சொன்னால், அது நிஜமா, நிழலா என்று இன்னொரு முறை யோசிக்க வேண்டும். ஆனால் ஸ்கேன் செய்யும் ஒரு வேலையைக் குழல் செய்யாது. வால்வுக் கூண்டு எந்தத் திசையில் நிற்கிறது, எந்தக் கம்பிக் கண் எந்தக் குழாய் வாய்க்கு நேரே இருக்கிறது என்று முழு வரைபடமாகக் காட்டிவிடும். குழல் விட்டே ஆக வேண்டும் என்றாலும், அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

அக்காவின் படத்தில் கூண்டின் மூன்று தூண்களில் ஒன்று வலது வாய்க்கு நேர் எதிரே நின்றது. அதனால்தான் அன்று நுழைய முடியவில்லை. வைக்கும்போதே தூண்கள் வாய்க்கு எதிரே வராதபடி திருப்பி வைக்கும் பழக்கம் சமீப வருடங்களில் வந்திருக்கிறது. உயரமான வகையில் கருவியின் பக்கவாட்டுத் துளையைக் கடிகாரத்தின் மூன்று மணி திசையில் வைத்து உள்ளே செலுத்தினால் பெரும்பாலும் சரியாக அமைகிறதாம். இவ்வளவு சின்ன விஷயம்! கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வலது குழாயில் பாதியளவு சுருக்கம் தெரிந்தது. அது புதிதாக வந்ததா, 2021லேயே இருந்ததா? அதுதான் பெரிய கேள்வி. புதிது என்றால் வேகமாக வளர்கிறது என்று பொருள், பழையது என்றால் மாத்திரையோடு பார்த்துக்கொள்ளலாம். பதில் கொய்யா மரத்தில் இருந்தது. ஓடிப் போய் அவிழ்த்துக் கொண்டுவந்தேன். நான்கு வருட வெயிலிலும் மழையிலும் மேற்பூச்சு உரிந்து, எந்தக் கணினியும் அதைப் படிக்கவில்லை. சென்னை மருத்துவமனையில் பழைய படம் கேட்டு, கடிதம் எழுதி, அலைந்து, பதினொரு நாள் கழித்துக் கிடைத்தது. அந்தப் பதினொரு நாளும் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வீட்டுக்குமாக, "எனக்கு மறுபடியும் வந்துடுச்சாடா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பழைய படத்திலும் அதே சுருக்கம், அதே அளவு. ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று எனக்கு மீன்குழம்பு கொடுத்தனுப்பினார்.

இனி என் கருத்து.

இந்த சிகிச்சை ஆரம்பித்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2002 ஏப்ரல் 16ஆம் தேதி பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படி வால்வு வைத்தார். வேறு வழியே இல்லாத நோயாளி அவர். அதற்குப் பிறகும் பல வருடம், அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட முதியவர்களுக்குத்தான் செய்தார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துக் கரோனரியை எப்படிப் பார்ப்போம் என்று யாரும் அங்கே கேட்கவில்லை, கேட்க வேண்டிய நிலையும் இல்லை. 2019ல் அமெரிக்காவில் ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கும் அனுமதி கிடைத்தது. இப்போது அறுபதுகளின் கடைசியில், எழுபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும் வைக்கிறார்கள். அவர்கள் நீண்ட நாள் வாழப் போகிறார்கள், வாழ வேண்டும். வால்வுச் சுருக்கம் உள்ள முதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கரோனரி நோயும் கூடவே இருக்கிறது. எனவே என்றோ ஒருநாள் அந்தச் சிறு வாய்களைத் தேடிப் போக வேண்டிவரும். முதல் வால்வு தேய்ந்து அதற்குள் இரண்டாவது வைக்க நேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும். பழைய வால்வின் இதழ்கள் கூண்டோடு ஒட்டி மதில் போல நின்று கரோனரி வாயையே மூடிவிடலாம். முதல் வால்வை வைக்கிற நாளிலேயே இதையும் யோசிக்க வேண்டாமா?

சில டாக்டர்கள் நிச்சயம் யோசிக்கிறார்கள். ஆனால் அந்த யோசனை நோயாளியின் வீட்டுக்கு வந்து சேர்வதில்லை. அக்காவுக்கு டிஸ்சார்ஜ் கொடுத்த அன்று எங்கள் கையில் திணித்த கட்டு பதினெட்டுப் பக்கம், அத்தனையும் ஆங்கிலம். வால்வின் பெயரும் அளவும் கடைசிப் பக்கத்தில் ஒரு ஒட்டுச்சீட்டில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பல லட்ச ரூபாய் வாங்குகிற இடத்தில் தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க என்ன செலவாகும்? என்ன வால்வு, என்ன அளவு, வைத்த தேதி, அன்று கரோனரி குழாய்கள் இருந்த நிலை, பின்னால் நெஞ்சு வலி வந்தால் எதை முதலில் காட்ட வேண்டும். ஐந்து வரி. மிக்ஸி வாங்கினால்கூடத் தமிழில் விளக்கத் தாள் தருகிறானே.

அடைப்பு இருந்தால் வால்வு வைக்கும் சமயத்திலேயே ஸ்டென்ட் வைத்துவிட்டால் பின்னால் தேட வேண்டாமே என்று என் தம்பி மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. 2024ல் வந்த நோஷன்-3 என்ற ஆய்வில் 455 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். கணிசமான அடைப்பு உள்ளவர்களுக்கு ஸ்டென்ட் வைத்த குழுவில் மரணம், மாரடைப்பு, அவசர சிகிச்சை மூன்றும் சேர்ந்து 26 சதவீதம், வைக்காத குழுவில் 36. ஆனால் ரத்தக்கசிவு ஸ்டென்ட் குழுவில் 28, மற்றதில் 20. ஆக இதுவும் ஆளுக்கு ஆள் மாறும். அக்கா போன்ற பாதிச் சுருக்கத்துக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்றே அவருடைய டாக்டர் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, வால்வு வைத்த ஒவ்வொருவரையும் வருடா வருடம் சி.டி. ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சாய மருந்து, கதிர்வீச்சு, செலவு எல்லாம் வீண். வழக்கமான கவனிப்புக்கு எக்கோ இருக்கிறது. தொந்தரவு வந்தால் அல்லது டாக்டருக்குச் சந்தேகம் வந்தால்தான் ஸ்கேன். "முழு உடம்பும் ஸ்கேன் பண்ணிடலாம் சார்" என்று விளம்பரம் அனுப்பும் பழைய மாணவருக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி.

பெரியவர்களை இப்படிக் கேள்வி கேட்டுப் பயமுறுத்தக் கூடாது, டாக்டருக்கும் எரிச்சல் வரும் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்ட எந்த டாக்டரும் எரிச்சல் படவில்லை. "இவ்வளவு விவரமா யாரும் கேக்கறதில்லைங்க ஐயா" என்று ஒருவர் பேனாவை எடுத்துப் படம் வரைந்தே காட்டினார். நாம்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறோம். வால்வு வைப்பதற்கு முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "பின்னாடி இவங்களுக்கு ஆஞ்சியோ பண்ண வேண்டி வந்தா, இந்த வால்வு வழியா போக முடியுங்களா? அதையும் பார்த்துதான் இந்த வகையைச் சொல்றீங்களா?"

அக்காவுக்காக நான் ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். மேலே சொன்ன ஐந்து வரிதான், பெரிய எழுத்தில். ஒன்று அவர் பர்ஸில், ஒன்று நாட்காட்டி மாட்டும் ஆணியில், ஒன்று படமெடுத்துக் குடும்பத்தில் எல்லார் போனிலும். புதுக் குறுந்தகட்டை மூன்று நகல் போட்டு, பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்தது அந்தத் தெர்மாமீட்டர்க்காரன்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த வால்வு வைத்திருந்தால், இன்று மாலையே அந்த அட்டையும் தகடும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வைத்த இடத்தில் இப்போதே எழுதிக் கேளுங்கள், வலி வந்த பிறகு கேட்காதீர்கள். என் தாளின் மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன். போன் எண் பழைய எண்தான். இரவு எட்டரைக்கு மேல் கூப்பிடாதீர்கள், தூங்கிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
இடையஞ்சாவடி